‘ஏன் சேர்ந்தீர்கள்?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

எங்கள் பயிற்சி மையத்தின் சேர்க்கைப் படிவத்தில் ‘சேர்வதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு சொல் எழுதத்தான் இடம் இருக்கும். அதில் அநேகமாக எல்லோரும் ‘வேலைவாய்ப்பு’ என்று எழுதுவார்கள். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் ‘நல்ல வேலைவாய்ப்பு’ என்று எழுதுவார்கள். நானும் அதைப் படித்துவிட்டு, சரி, எல்லோருக்கும் வேலைதான் வேண்டும் என்று முடிவுகட்டி எல்லோருக்கும் ஒரே வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

நான் சொல்லித் தருவது கணக்குப்பதிவும் எக்செலும். மாலை நேர வகுப்பு, மொத்தம் 16 வாரம். பாதிப் பேர் வேலை முடிந்து நேராக வருகிறவர்கள். ஒரே வரிசையில் 19 வயதுக்காரரும் இருப்பார், 63 வயதுக்காரரும் இருப்பார்.

ஒரு தொகுதியில், அதாவது ஒரு பேட்ச்சில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டாவது வாரத்தில் வராமல் போனார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கேள்வி கேட்பார், வீட்டுப்பாடம் தவறாமல் முடிப்பார். உடம்பு சரியில்லையோ என்று போன் செய்தேன். அவர் சொன்னதை இப்போதும் அப்படியே சொல்ல முடியும்: “மேடம், நீங்க போன வாரம் பேங்க் ரீகன்சிலியேஷன் எடுத்தீங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே எங்க கணக்கை எடுத்து வச்சுப் பார்த்துட்டேன். எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. சர்ட்டிஃபிகேட் எல்லாம் வேண்டாம்.”

பேங்க் ரீகன்சிலியேஷன் என்றால் நம் ஏட்டையும் வங்கியின் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது. விஷயம் இதுதான். அவர் குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொள்கிறவர். கணக்கு எழுத நீண்ட நாளாக ஒரே ஆள். பணம் எங்கேயோ கசிகிறது என்று சந்தேகம், ஆனால் பேரேட்டை (கணக்கு வாரியாகப் பதிவுகளைப் பிரித்து எழுதும் ஏடு) திறந்தால் ஒன்றும் புரியவில்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறார். “அப்புறம் ஏன் படிவத்தில் வேலைவாய்ப்பு என்று எழுதினீர்கள்?” என்று கேட்டேன். “அந்தக் கட்டத்துல வேற என்ன மேடம் எழுதறது?” என்றார்.

எங்கள் பதிவேட்டில் அவர் ‘இடைநின்றவர்’. அந்தத் தொகுதியில் வந்த காரியத்தை முழுதாக முடித்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

போனை வைத்த பிறகு எனக்கு உறுத்தியது வேறு. டிரையல் பேலன்ஸ் என்பது எல்லாக் கணக்குகளின் மீதியையும் டெபிட் (இடது பக்கம்), கிரெடிட் (வலது பக்கம்) என்று பிரித்துக் கூட்டிப் பார்க்கும் பட்டியல். ஐந்தாவது வாரத்தில் அதை எடுக்கும்போது வழக்கம்போல, “இரண்டு பக்கமும் சமமா வந்துட்டா அன்னைக்கு நிம்மதியா தூங்கலாம்” என்று சொல்லியிருந்தேன். வேலை தேடுகிறவர்களுக்கு அது ஒரு நகைச்சுவை, அவ்வளவுதான். இவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் டிரையல் பேலன்ஸ் சமமாக இருப்பதைப் பார்த்து, திருட்டு எதுவும் இல்லை போல என்று இரண்டு வாரம் நிம்மதியாக இருந்திருக்கிறார். ஒரு பரிவர்த்தனையைப் பதிவே செய்யாமல் விட்டாலும் டிரையல் பேலன்ஸ் சமமாகத்தான் வரும். தப்பான கணக்கில் எழுதினாலும் வரும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் வரும். கையில் வாங்கிய பணத்தை ஏட்டிலேயே ஏற்றாத ஆளை அது ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பாடத்திலும் இருக்கிறது. ‘பிழைகளின் வகைகள்’ என்ற தலைப்பில், தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக, ஒன்பதாவது வாரத்தில்.

அவர் யாரென்று தெரிந்திருந்தால் முதல் மாதத்திலேயே மூன்று விஷயங்களைச் சொல்லியிருப்பேன். பணத்தை வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வங்கியிலிருந்து வரும் ஸ்டேட்மென்ட் முதலில் உரிமையாளர் கைக்கு வர வேண்டும். ரொக்க இருப்பை முன்னறிவிப்பு இல்லாமல் அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு டெபிட் கிரெடிட் கூடத் தேவையில்லை.

அடுத்த தொகுதியில் கேள்வியை மாற்றினேன். ‘ஏன் சேர்ந்தீர்கள்’ என்று கேட்டால் மனிதர்கள் நேர்காணலுக்குச் சொல்லுகிற பதிலைச் சொல்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. இப்போது நான் கேட்பது மூன்று. முதலாவது: போன வருஷம் சேராமல் இப்போது சேர்வதற்கு நடுவில் என்ன நடந்தது? இரண்டாவது: இந்த வகுப்பு நல்லபடியாக முடிந்து ஒரு மாதம் ஆகிறது, சாதாரண வேலைநாள், இன்று உங்களால் செய்ய முடியாத எதைச் செய்துகொண்டிருப்பீர்கள்? மூன்றாவது: நீங்கள் இங்கே வருவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது?

மூன்றுக்கும் பதில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சி வரும். அலுவலகத்தில் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். என்னைவிட இளையவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கடைசிக் குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டது. வேலை போய்விட்டது. இந்த நிகழ்ச்சியைப் பிடித்துவிட்டால் அவருக்கு எவ்வளவு அவசரம், எதைக் கண்டு பயம் என்று இரண்டும் தெரிந்துவிடும். ‘வேலைவாய்ப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பேர் நான்கு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் இதை முதல்முறை செய்தபோது ஒரு பெரிய தப்பு செய்தேன். வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். ஏதோ பயிலரங்கில் பார்த்தது, நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முறை வந்ததும், “சும்மா, பொழுதுபோகலை, அதான்” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். அவரை மூன்று வாரத்துக்கு முன்னால் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பின்னால் வேறொருவர் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது வாரத்துக்கு மேல் அவர் வரவில்லை. அந்த வட்டம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேறு காரணம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு எல்லாம் தாளில்தான். எழுதி, மடித்து, என்னிடம் கொடுத்தால் போதும். சத்தமாக யாரும் படிக்க வேண்டாம், நானும் வகுப்பில் அதைக் குறிப்பிட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். காலியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். இரண்டாவது வாரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுவேன். 24 பேர் என்றால் நான்கு மணி நேரம். வகுப்புக்கு முன்னும் பின்னும் கால்மணி அரைமணியாகப் பிய்த்துக்கொண்டு செய்வதுதான். அலுப்பாகத்தான் இருக்கும். வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்க மாட்டேன்.

மூன்றாவது கேள்வியை வேண்டாம் என்று சொன்ன சக ஆசிரியர்கள் உண்டு. அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஒரு தாளில், “ஆபீசில் தெரியக் கூடாது” என்று எழுதியிருந்ததைப் பார்க்கிறவரை. அந்தப் பெண் வேலையில் சேரும்போது விண்ணப்பத்தில் எக்செல் தெரியும் என்று எழுதிவிட்டார். அரைகுறையாகச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். புது மேலாளர் வந்ததும் வாராவாரம் ஒரு அறிக்கை கேட்க ஆரம்பித்திருக்கிறார். என் வழக்கமான வீட்டுப்பாடம், ‘உங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தும் ஒரு கோப்பைக் கொண்டு வாருங்கள்’ என்பது. எவ்வளவு நடைமுறைக்கு ஒத்த பாடம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விஷயம் அது! அவரால் அதைச் செய்யவே முடியாது. யாரிடம் போய் எதற்கென்று சொல்லிக் கேட்பார்? (அலுவலகக் கோப்பை வெளியே கொண்டுவரச் சொல்வதே சரியில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது தனிக் கதை.)

அவரிடம் பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. எக்செலில் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. மேலாளர் மேசைக்குத் தப்பான எண் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். நான் விலுக்அப் (ஒரு பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) சொல்லித் தரும்போது முதலில் அது என்னவெல்லாம் செய்யும் என்று வித்தை காட்டுவேன். இவருக்காக அதைத் தலைகீழாக மாற்றினேன். அது எப்படி ஏமாற்றும் என்பதில் ஆரம்பித்தேன். அந்தச் சூத்திரத்துக்குத் தர வேண்டிய விவரங்களில் நான்காவது இடத்தில் எதையும் தராமல் விட்டுவிட்டால் எக்செல், சரியாகப் பொருந்துவதைத் தேடாமல் ஏறத்தாழப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். தேடும் பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் பல சமயம் பிழை என்றுகூடக் காட்டாது. பார்க்க ஒழுங்காக இருக்கிற ஒரு தப்பான எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அங்கே ‘ஃபால்ஸ்’ (சரியாகப் பொருந்துவது மட்டும் வேண்டும் என்று பொருள்) என்று தரப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு மூலப் பட்டியலின் கூட்டுத்தொகையும் உங்கள் அறிக்கையின் கூட்டுத்தொகையும் ஒன்றுதானா என்று ஒரு மூலையில் சரிபார்க்கும் சூத்திரம் எழுதி வையுங்கள், அதைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள் என்றேன். அந்தப் பாடத்தை அன்று வகுப்பு முழுவதற்கும் அப்படியே எடுத்தேன். யாரும் நஷ்டப்படவில்லை. இப்போது எல்லாத் தொகுதிக்கும் அதே வரிசைதான்.

அதற்காக 24 பேருக்கு 24 பாடம் தயாரிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது நடக்கிற காரியம் இல்லை. என்னிடம் நான்கு கோப்புகள் இருக்கின்றன, எல்லாமே நானாக உருவாக்கியவை. சிறு தொழிலின் ரொக்க ஏடு, விற்பனைப் பட்டியல், சம்பளப் பட்டியல், ஒரு சங்கத்தின் வரவு செலவு. கற்றுக்கொள்ள வேண்டிய திறன் நான்கிலும் ஒன்றுதான். தாள்களைப் படித்த பிறகு யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிறேன். சொந்தத் தொழில்காரர் ரொக்க ஏட்டில் பிவட் டேபிள் (நீண்ட பட்டியலை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் எக்செல் வசதி) போடுவார், அலுவலகத்துக்காரர் விற்பனையில் போடுவார். உழைப்பு கொஞ்சம்தான் கூடியது. பலன் கூடுதல், ஏனென்றால் பக்கத்திலிருப்பவருடையதைப் பார்த்து எழுத முடியாது!

வளர்ந்தவர்கள் எதற்காகப் படிக்க வருகிறார்கள் என்று நானாகத் தேடிப் படித்தபோது சிரில் ஹூல் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் ஆய்வு கண்ணில் பட்டது. 1961-இல் வந்தது. தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும் 22 பேரிடம் விரிவாகப் பேசி, மூன்று விதமாக வகுத்திருந்தார். குறிப்பிட்ட ஒன்றை அடைவதற்காக வருகிறவர்கள், படிக்கிற இடமும் கூடுகிற ஆட்களும் வேண்டி வருகிறவர்கள், படிப்பதே பிடித்து வருகிறவர்கள். ஒருவரிடமே ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதும் அதில் சேர்த்தி. வெறும் 22 பேர்தானே என்று முதலில் தோன்றியது. பிறகு என் வகுப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வகை ஆட்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வேலைக்கான படிப்பில் கூட்டம் தேடி யார் வருவார்கள்? பணி ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். வேலைக்குப் போகப் போவதில்லை. கேள்வி கேட்டு நேரம் எடுத்துக்கொள்வார். நியாயமாக வேறொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் என்று எனக்குள் முணுமுணுப்பு. அவர் தாளில் ஒரே வரிதான் இருந்தது: ‘ஆறு மணிக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது நன்றாக இருக்கிறது.’ அதைப் படித்த அன்று வேறு எந்தத் தாளையும் படிக்கவில்லை.

அவருக்கு என்ன பாடம் கொடுப்பது? வேலை வாங்கித் தரும் பாடம் எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. ஆட்களோடு சேர்ந்து செய்கிற வேலை ஒன்றைக் கொடுத்தேன். டிரையல் பேலன்ஸ் சேராதபோது வித்தியாசத்தைத் தேடுவது. அதில் பழைய கணக்குப்பிள்ளைகளின் உத்திகள் சில உண்டு. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 90. வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை ஏட்டில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தால், டெபிட்டில் போக வேண்டியது கிரெடிட்டில் போயிருப்பது சிக்கும். அவருக்கு இது ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. பத்தாவது வாரத்தில் சேராத கணக்கோடு பிள்ளைகள் என்னிடம் வரவில்லை, அவர் மேசையில் வரிசையாக நின்றார்கள். “சார், வித்தியாசம் 63 வருது.” “ஒன்பதால போகுதே, எங்கேயோ மாத்தி எழுதிட்டேப்பா, பாரு.” அந்தத் தொகுதியில் பாதியில் நின்றவர்கள் குறைவு. அவரால்தான் என்று நான் நம்புகிறேன். கணக்கு எடுத்து நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

மூன்றாவது வகைக்கு வகுப்பிலேயே பெரிய உதாரணம் நான்தான். முதல் நாள் பாடத்தை 1494-இல் ஆரம்பிப்பது என் வழக்கம். அந்த வருஷம்தான் வெனிஸ் நகரில் லூகா பாச்சியோலி என்ற துறவியின் கணித நூல் அச்சாகி வந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் டெபிட், கிரெடிட் என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல் அது. அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் ஏற்கெனவே எழுதிவந்த முறையைத்தான் எழுதி வைத்தார். எனக்கு இது சொல்லச் சொல்ல இனிக்கும், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அடுத்த திங்கட்கிழமை புது மென்பொருளைத் தொட வேண்டும் என்று வயிறு கலங்கி வந்து உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் எதற்காக அந்த வகுப்பில் நிற்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பாச்சியோலி இப்போது பன்னிரண்டாவது வாரத்துக்குப் போய்விட்டார், பத்து நிமிடம். கேட்டுவிட்டுக் கண் விரிகிறவர் ஒருவர் இருவர் எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு வகுப்பு முடிந்து பேசிக்கொள்கிறேன்.

அடுத்தது, எனக்கு ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்த விஷயம். மாணவர்களுக்கு வேலைதான் குறி என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும், “இது வேலைக்கு ரொம்ப முக்கியம், இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பாங்க” என்று சொல்வதுதானே நல்ல ஆசிரியருக்கு அழகு? நான் அதை வாராவாரம் சொன்னேன். ஒன்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப நினைத்து வந்த ஒரு பெண்மணி முன்வரிசையில் உட்காருவார். நான் ‘இன்டர்வியூ’ என்று சொல்லும்போதெல்லாம் அவர் பேனா நின்றுவிடும். கவனம் சிதறுகிறது என்று நினைத்தேன். தனியாகப் பேசும்போது சொன்னார்: “நீங்க அதைச் சொன்னதும் எதிர்ல நாலு பேர் உட்கார்ந்து கேக்கற மாதிரி ஆயிருது மேடம். அதுக்கப்புறம் பாடம் காதுல விழறதில்லை.”

இதற்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2009-இல் ஹல்மன், ஹராக்கியவிச் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் படித்த பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புடையது என்று தாங்களே எழுதினார்கள். மற்றவர்கள் பாடத்தைச் சுருக்கி மட்டும் எழுதினார்கள். தங்களால் நன்றாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருந்தவர்களுக்கு, அப்படித் தாங்களே எழுதியது ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் கூட்டியது. 2015-இல் கேனிங் என்பவரோடு ஹராக்கியவிச் செய்த ஆய்வு என்னை இன்னும் நேராகத் தொட்டது. இது உனக்கு எப்படிப் பயன்படும் என்று வெளியிலிருந்து எடுத்துச் சொல்வது தன்னம்பிக்கை குறைந்தவர்களுக்குப் பாதகமாகக்கூட ஆகலாம். அவர்களே எழுதிக் கண்டுபிடித்தால் உதவுகிறது. அதாவது முன்வரிசையில் அந்தப் பேனா ஏன் நின்றது என்பதற்கு ஒரு பதில்.

அதிலிருந்து பிரசங்கத்தை விட்டுவிட்டேன். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் எல்லோரும் இரண்டு மூன்று வரி எழுத வேண்டும்: இன்று பார்த்தது உங்களுக்கு எங்கே உதவும்? உதவாது என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்த பிறகுதான் தாள்கள் உயிரோடு வர ஆரம்பித்தன. ‘தேய்மானம் என் வேலையில் வரவே வராது, ஏன் மூன்று நாள்?’ என்று ஒருவர் எழுதினார். நியாயம். மூன்று நாளை ஒன்றரை நாளாக்கினேன். அந்தப் பெண்மணி ஒருநாள், ‘குடும்பச் செலவுக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் எனக்கும் வங்கிக்கும் வரும் வித்தியாசம் இதுதான் போல’ என்று எழுதியிருந்தார். கொடுத்த காசோலை இன்னும் வங்கியில் போடப்படாமல் இருந்திருக்கிறது. ரீகன்சிலியேஷனின் பாதிப் பாடம் அவ்வளவுதான். நேர்காணலைப் பற்றி அவரிடம் நான் பேசவே இல்லை. பதினான்காவது வாரத்தில் அவரே கேட்டார்.

எல்லாம் இப்படி இனிமையாக முடிவதில்லை. ஒரு பையன் தாளில், ‘அப்பா பணம் கட்டிவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தான். மூன்று கேள்விக்கும் சேர்த்து அதுதான் பதில். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் ஊக்கத்தைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒன்று. முழுக்கப் பிறர் வற்புறுத்தலுக்கும் முழுக்கத் தன் விருப்பத்துக்கும் நடுவில் படிகள் இருக்கின்றன, வெளியிலிருந்து வந்த காரணத்தை ஒருவர் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சமாவது தானே தேர்ந்தெடுக்கும் இடம் வேண்டும் என்பார்கள். சரி, தேர்ந்தெடுக்கட்டும் என்று கடைசித் திட்டப்பணிக்கு அவனுக்கு எந்தக் கோப்பையும் கொடுக்கவில்லை. பணம் உள்ளே வந்து வெளியே போகிற எதையாவது நீயே கொண்டு வா என்றேன். அவன் விளையாடுகிற கால்பந்துக் குழுவின் பொதுச் செலவை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று வருஷக் கணக்கு, பாதி போன் குறுஞ்செய்திகளில் இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை பிவட் டேபிளில் பிரித்து, ஒரு பழைய சண்டையையும் தீர்த்துவைத்தான்.

படிப்பை முடித்தான். மதிப்பெண் சுமார். கணக்கு வேலைக்குப் போகப் போவதில்லை என்று வீட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறான், அந்தத் தெளிவு என் வகுப்பில் வந்ததாம். அவன் அப்பா போன் செய்தார். “வேலைக்காகத்தானேம்மா உங்ககிட்ட அனுப்புனேன்?” என்றார். கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது அந்தக் குரலில். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. பணம் கட்டியவருடைய காரணமும் ஒரு காரணம்தான். அதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

காரணத்துக்கு வளைந்துகொடுக்கலாம் என்று கண்டுபிடித்த புதிதில் கொஞ்சம் அதிகமாகவே வளைந்தேன். ஒருவர், “எனக்கு எக்செல் மட்டும் போதும், குறிப்பேடு பேரேடு எல்லாம் வேண்டாம்” என்றார். தரவு உள்ளீடு வேலை கைவசம் இருந்தது, வேகம் வேண்டும், அவ்வளவுதான். நான் சம்மதித்து, மற்றவர்கள் குறிப்பேட்டில் பதிவு எழுதும்போது அவருக்குத் தனிப் பயிற்சி கொடுத்தேன். ஐந்தே மாதத்தில் அவர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியானது. உள்ளிருந்தே ஆள் எடுத்தார்கள். அவருக்கு டெபிட் எது கிரெடிட் எது என்று சொல்லத் தெரியவில்லை. என்னிடம் வந்து குறைகூடச் சொல்லவில்லை, “நான்தானே வேண்டாம்னேன் மேடம்” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. சேரும்போது இருந்த காரணத்துக்கு நான் பணிந்தேன். அந்தக் காரணம் ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தது.

இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறேன். உதாரணம் மாறலாம், வரிசை மாறலாம், வீட்டுப்பாடம் மாறலாம், எதற்கு எவ்வளவு நேரம் என்பது மாறலாம். ஐந்து விஷயங்கள் மட்டும் யார் எதற்கு வந்திருந்தாலும் உண்டு: டெபிட் கிரெடிட், பேரேடு, டிரையல் பேலன்ஸ், வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பது, சூத்திரம் எழுதினால் அதைச் சோதிப்பது. இதில் பேரம் கிடையாது. ஏன் என்று கேட்டால் அந்தத் தரவு உள்ளீட்டுக்காரரின் கதையை, ஆள் அடையாளம் தெரியாமல், சொல்வேன்.

மடித்துக் கொடுத்த தாள்களை எட்டாவது வாரத்தில் திருப்பிக் கொடுக்கும் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். அன்று எழுதியது இன்றும் சரியா பாருங்கள், மாறியிருந்தால் அடித்துவிட்டு எழுதுங்கள் என்பேன். பலர் அடிப்பதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே அடிப்பார்கள். ‘மேலாளரிடம் திட்டு வாங்கக் கூடாது’ என்பதை அடித்துவிட்டு ‘வேறு வேலை தேட வேண்டும்’ என்று எழுதியவர் இருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் நிறுத்திக்கொள்ளப் போகிறேன், வேண்டியது கிடைத்துவிட்டது என்று முன்கூட்டியே எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மீதி இருக்கும் இரண்டு வாரத்துக்குள் எதைக் கொடுத்தனுப்புவது என்று உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். பதிவேட்டில் ‘நோக்கம் நிறைவேறி விலகினார்’ என்று தனியாக ஒரு கட்டம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் எல்லோரும் பாதியில் போய்விடுவார்களே என்றார்கள். இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அதுவரை என் நோட்டுப் புத்தகத்தில் நானே ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் அந்த பேங்க் ரீகன்சிலியேஷன்காரருடையது.

இந்தத் தொகுதிக்குப் போன வாரம் எட்டாவது வாரம். ஒருவர் தாளில் முன்பு எழுதியிருந்த நான்கு வரியையும் அழுத்தமாக அடித்துவிட்டு, கீழே ‘இப்போது தெரியவில்லை. ஆனால் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு கோப்பில் எதை அவருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு நேரிலேயே கேட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.